நாற்பத்தேழு நிமிடம் பின்னால்

அந்த முதியோர் இல்லத்தில் அவரைப் பெட்டிக்காரர் என்றுதான் சொல்வார்கள். நடைக்கூடச் சுவரில் மாட்டியிருக்கும் இரண்டு சின்னப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்ள வருகிறவர் என்பதால் அந்தப் பெயர். அவருக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. இருபத்தாறு வருடமாகக் கட்டடம் கட்டடமாகப் போய்ப் பெட்டி திறந்து பெட்டி மூடுகிற மனிதனுக்கு வேறு என்ன பெயர் பொருந்திவிடப் போகிறது?

பெட்டி ஒவ்வொன்றுக்குள்ளும் உள்ளங்கை அகலத்தில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது. பார்த்தால் வாயில்லா ஜீவன். ஆனால் எதையும் மறக்காது. கட்டிலின் தலைமாட்டில் இருக்கும் பொத்தானை யாராவது அழுத்தினால், எந்த அறை, எத்தனை மணிக்கு என்று முதல் பெட்டி குறித்துக்கொள்ளும். அழைப்பைக் கேட்டு ஓடுகிற பணிப்பெண் அறை வாசலில் உள்ள தகட்டில் தன் அட்டையைக் காட்டிவிட்டு நுழைய வேண்டும். யார், எந்த அறைக்கு, எத்தனை மணிக்கு வந்தார் என்பதை இரண்டாவது பெட்டி குறித்துக்கொள்ளும். முதலாவதற்கு அழைப்புப் பெட்டி என்றும் அடுத்ததற்கு வாசல் பெட்டி என்றும் பெயர்.

அன்று காலை ஆபீசிலிருந்து போன் வந்தபோது அவர் தன் மாடி அறையில் ஒரே ஒரு தட்டையும் ஒரே ஒரு டம்ளரையும் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். மனைவி போய் ஆறு வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. அவருக்கு வருகிற போன் எல்லாம் ஆபீஸ் போன்தான்.

"அந்த முதியோர் இல்லத்துல உங்க ரெண்டு பெட்டிக்கும் ஒத்துப்போகலையாம். புகார் வந்திருக்கு. பதினோரு மணிக்குள்ள போய்ப் பார்த்து ரிப்போர்ட் எழுதிக் குடுங்க. யார் மேல தப்புன்னு தெளிவா இருக்கணும்."

"மெஷின் மேல தப்பு வந்தா?"

"மெஷின் மேல எப்படிங்க தப்பு வரும்? யாராவது தொட்டிருப்பாங்க. கண்டுபிடிங்க."

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மூன்று வாரத்துக்கு முன்புதான் அந்தப் பெட்டிகளை அவரே சரிபார்த்துவிட்டு வந்திருந்தார். மாடிப்படி இறங்கும்போதே மனதுக்குள் ஏதோ ஒன்று நெருடத் தொடங்கிவிட்டது.

இல்லத்தின் நிர்வாகி நல்ல மனிதர்தான். காகிதத்தைக் கண்டால் மட்டும் பயந்துவிடுவார். மேசைமேல் இரண்டு காகிதங்களை விரித்து வைத்து, அவை கடித்துவிடும் என்பதுபோலத் தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

"இங்க பாருங்க சார். பத்து நாளைக்கு முன்னாடி ஒன்பதாம் அறை அம்மா தவறிட்டாங்க. வயசு எண்பத்தொன்பது. டாக்டர் எப்பவும் வேணா நடக்கும்னு சொல்லித்தான் வெச்சிருந்தார். அதுல ஒண்ணும் பிரச்சனை இல்ல. ஆனா இது அழைப்புப் பெட்டியோட பதிவு. அன்னிக்கு மத்தியானம் மூணு பன்னிரண்டுக்கு அவங்க பொத்தானை அழுத்தியிருக்காங்க. இது வாசல் பெட்டியோட பதிவு. நம்ம அக்கா அறைக்குள்ள போனது மூணு அம்பத்தொம்பது."

பெட்டிக்காரர் மனதுக்குள் கழித்துப் பார்த்தார். நாற்பத்தேழு நிமிடம். அந்த எண் அவருடைய நெஞ்சில் எங்கோ போய் இடித்தது.

"அவங்களோட மகள் பதிவைக் கேட்டு வாங்கிப் பார்த்துட்டாங்க. நாப்பத்தேழு நிமிஷம் எங்கம்மா கூப்பிட்டுக்கிட்டே கிடந்திருக்காங்கன்னு அழறாங்க. யாரால பதில் சொல்ல முடியும்? அக்காவைக் கேட்டா, 'சத்தம் கேட்ட உடனே ஓடினேன்'னு ஒரே வார்த்தைதான். அப்ப பெட்டி பொய் சொல்லுதா?"

"அக்கா இப்ப எங்க?"

"வார்டுக்குள்ள விட வேணாம்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. துணி மடிக்கிற அறையில உக்கார வெச்சிருக்கேன். இன்னிக்கு மகள் பதினோரு மணிக்கு வர்றாங்க. உங்க ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு அக்காவை வேலையில வெச்சுக்கிறதா வேண்டாமான்னு முடிவு."

அக்கா என்பது அந்தப் பணிப்பெண்ணுக்கு இல்லமே வைத்த பெயர். வயது நாற்பத்தைந்து இருக்கும். தொண்ணூறு வயதுத் தாத்தாக்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். "பாட்டி வயசுல இருக்கிறவங்க எல்லாம் என்னை அக்காங்கிறீங்க, அப்ப எனக்கு என்னதான் வயசு?" என்று அவள் கேட்டால் வார்டு முழுவதும் சிரிப்பு ஓடும். அந்தச் சிரிப்பு எட்டு நாளாக அங்கே இல்லை.

நடைக்கூடத்துக்குப் போனார். பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு நொடி கண்ணை மூடிக் கும்பிடுவது அவருடைய பழக்கம். எந்தக் கோளாறும் யாரையும் நோகடிக்காமல் தீர வேண்டும் என்பதுதான் பிரார்த்தனை. அன்றைக்கு அந்தப் பிரார்த்தனை கொஞ்சம் நீண்டது.

அழைப்புப் பெட்டியின் மூடியைக் கழற்றினார். லேப்டாப்பைக் கேபிளால் இணைத்தார். 'நேரம் என்ன' என்று பெட்டியைக் கேட்கும் கட்டளையைத் தட்டினார். எட்டு ஐம்பத்தொன்று என்றது பெட்டி. கைபேசியைப் பார்த்தார். ஒன்பது முப்பத்தெட்டு. வாசல் பெட்டியைக் கேட்டார். ஒன்பது முப்பத்தெட்டு.

நாற்பத்தேழு நிமிடம். இன்றும் அதே நாற்பத்தேழு.

பெட்டிக்காரர் கீழே இருந்த மர நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

இந்தப் பெட்டிகளுக்குள் இரண்டு நேரம் உண்டு. மின்சாரம் இருக்கும்வரை கம்ப்யூட்டருக்குள் ஓடிக்கொண்டிருக்கும் நேரம் ஒன்று. மின்சாரம் போனாலும் காசு அளவு பேட்டரியின் தயவில் ஒரு சிப்புக்குள் தூங்காமல் விழித்திருக்கும் நேரம் மற்றொன்று. மின்சாரம் போய்த் திரும்பி வந்ததும், 'இப்போது மணி என்ன' என்று கம்ப்யூட்டர் அந்தச் சிப்பைத்தான் கேட்கும். சிப் சொன்னதே வேதவாக்கு. ஆகவே நேரத்தைத் திருத்துகிறவன் ஓடும் நேரத்தை மட்டும் திருத்தினால் போதாது. திருத்திய நேரத்தைச் சிப்பிலும் எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் அடுத்த மின்வெட்டு வரைக்கும்தான் அந்தத் திருத்தத்துக்கு ஆயுசு.

பையிலிருந்து தன் சின்ன நோட்டை எடுத்தார். மூன்று வாரத்துக்கு முந்தைய பக்கம். அவருடைய கையெழுத்தில்: 'அழைப்புப் பெட்டி 47 நிமிடம் பின்னால். திருத்தியாச்சு.'

திருத்தினார்தான். ஓடும் நேரத்தைத் திருத்தினார். சிப்பில் எழுதவில்லை.

எப்படி விட்டுப்போயிற்று என்பதும் இப்போது ஞாபகம் வந்துவிட்டது. முன்பெல்லாம் இந்த வேலைக்கு இரண்டு பேர் போவார்கள். ஒருவர் தட்டச்சு செய்ய, மற்றவர் கையில் ஒன்பது வரிக் காகிதத்தை வைத்துக்கொண்டு வரி வரியாக உரக்கப் படிப்பார். ஒவ்வொரு வரி முடிந்ததும் இவர் 'ஆச்சு' என்பார். அப்படிப் படித்துவந்த கூட்டாளி ஏற்ற இறக்கத்தோடு படிப்பார் என்பதால் அவரை 'செய்திகள்' என்று கூப்பிட்டார்கள். செய்திகள் ஓய்வு பெற்றதும், ஒரு ஆள் போதும் என்று கம்பெனி முடிவு செய்துவிட்டது. அதன்பிறகு பெட்டிக்காரர் தானே உரக்கப் படித்துத் தானே 'ஆச்சு' சொல்லிக்கொள்வார். போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பார்த்தால் பார்க்கட்டும். ஒரு நாளில் அவர் தன் குரலையே கேட்பது அப்போது மட்டும்தான்.

மூன்று வாரத்துக்கு முன்பு இதே பெட்டிக்கு அடியில் ஒரு முதியவர் சக்கர நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு ராத்திரி கண் மூடாதவர், இப்போதுதான் தூங்கினார் என்று யாரோ சொன்னார்கள். அதனால் பெட்டிக்காரர் அன்று வாய்விட்டுப் படிக்கவில்லை. கண்ணாலேயே படித்தார். ஆறாவது வரி, நேரத்தைத் திருத்தவும். எட்டாவது வரி, மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுத்துப் பார்க்கவும். அப்படிச் செய்தால் பெட்டி நீளமாக ஒரு கூவல் கூவும், பெரியவர் விழித்துவிடுவார் என்று எட்டாவதைத் தெரிந்தே விட்டார். நடுவில் இருந்த ஏழாவது வரியைத் தெரியாமல் விட்டார்.

ஒருவரின் தூக்கத்தைக் காப்பாற்றப் போய் இன்னொருவரின் வாழ்க்கையைக் குலைத்திருக்கிறோம் என்று நினைத்தபடி நோட்டை மூடினார்.

நிர்வாகியிடம் போய்க் கேட்டார். "சார், நான் வந்துட்டுப் போனதுக்கப்புறம் இங்க கரண்ட் நின்னுதா?"

"நின்னுதே. பன்னண்டு நாளைக்கு முன்னாடி மெயின் போர்டு மாத்தினாங்க. ஒரு மணி நேரம் நிறுத்தி வெச்சிருந்தாங்க. ஏன்?"

அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் அந்த அம்மா பொத்தானை அழுத்தியிருக்கிறார். பெட்டி மூன்று பன்னிரண்டு என்று எழுதிய நேரம், உலகத்தில் மூன்று ஐம்பத்தொன்பது. அக்கா உள்ளே நுழைந்ததும் மூன்று ஐம்பத்தொன்பது. அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. கேட்ட உடனே ஓடியிருக்கிறாள்.

"அழைப்புப் பெட்டியோட நேரம் பிசகியிருக்கு சார்" என்றார் பெட்டிக்காரர்.

நிர்வாகியின் முகத்தில் வெளிச்சம் பரவியது. "பேட்டரிக் கோளாறா? அப்படியே எழுதிடுங்க சார். மெஷின் கோளாறு, யார் மேலயும் தப்பில்ல. உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது, அக்காவுக்கும் நல்லது."

கம்பெனியில் இந்த மாதிரித் தவறுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. போன வருடம் ஒரு மருத்துவமனையில் வரி விட்ட ஒருவரை மறுநாளே அனுப்பிவிட்டார்கள். பெட்டிக்காரருக்கோ ஐம்பத்திரண்டு வயது. இந்தப் பெட்டிகளைத் தவிர வேறொன்றும் தெரியாது. பெட்டிகளும் இல்லையென்றால் காலையில் எழுந்து எங்கே போவது? அந்த மாடி அறையில் தட்டையும் டம்ளரையும் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருக்க முடியும்? இன்னொன்றும் அவருக்குத் தெரிந்தது. இப்போதே இரண்டு கட்டளையைத் தட்டிச் சிப்பில் எழுதிவிட்டால், நாற்பத்தேழு நிமிடம் என்ற ஒன்று இருந்ததற்கே அடையாளம் இருக்காது.

மனிதன்தானே. யோசித்தார். ஆனால் பெட்டியைத் தொடவில்லை.

கால்கள் துணி மடிக்கும் அறைக்குக் கூட்டிக்கொண்டு போயின. வெள்ளைப் படுக்கை விரிப்புகளின் குவியலுக்கு நடுவே அக்கா உட்கார்ந்திருந்தாள். மடித்து முடித்தவை இடுப்பு உயரத்துக்கு இருந்தன.

"வாங்கண்ணே. உக்காருங்க. இங்க துணியைத் தவிர வேற யாரும் எங்கூடப் பேசறதில்ல."

"மத்தவங்க?"

"வர்றாங்க, துணியை எடுக்கறாங்க, போறாங்க. என்னைப் பார்த்துட்டா அவங்களுக்கும் ஒட்டிக்குமோன்னு பயம். அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. எல்லாருக்கும் குடும்பம் இருக்கு." ஒரு விரிப்பை உதறி நாலாக மடித்தாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும்ணே. எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. ஒருவேளை எனக்குச் சத்தம் கேக்காமப் போயிருக்குமோ? மெஷினுக்குப் பொய் சொல்லணும்னு என்ன தலையெழுத்து? நான்தான் எங்கயாவது அசந்து உக்காந்துட்டேனோ? எட்டு நாளா இதையே நெனச்சு நெனச்சு, அன்னிக்கு நடந்ததே மறந்துபோயிடும் போல இருக்கு."

பெட்டிக்காரருக்கு அதைக் கேட்டுத் தாங்கவில்லை. வேலை போவதைவிடப் பெரிய விஷயம் இது என்று பட்டது. தன் கண்ணால் கண்டதையே நம்ப முடியாமல் ஒரு நல்ல ஜீவன் இந்தத் துணிகளுக்கு நடுவே தனியாக உட்கார்ந்திருக்கிறது.

"சந்தேகப்படாதீங்கக்கா" என்று மட்டும் சொன்னார். "நேரம் பிசகினது பெட்டியிலதான். நான் பார்த்துட்டேன்."

அவள் மடிப்பதை நிறுத்தினாள். முகத்தை விரிப்பில் புதைத்துக்கொண்டாள். அழுகிறாளா என்று பார்த்தார். இல்லை, மூச்சை மட்டும் நீளமாக இழுத்து விட்டாள். பிறகு நிமிர்ந்து, "அப்படிப் பார்க்காதீங்கண்ணே, இதை மறுபடியும் துவைக்கணும், அவ்வளவுதான்" என்றாள்.

பதினோரு மணிக்கு மகள் வந்தாள். அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்த வயது. தலையைக்கூடச் சரியாக வாராமல் வந்திருந்தாள். கையில் அந்த இரண்டு காகிதங்களின் நகல். மடித்து மடித்து மடிப்பு கிழிந்திருந்தது. நிர்வாகி அவளை நடைக்கூடத்துப் பெஞ்சில் உட்கார வைத்தார். அக்காவும் வரவழைக்கப்பட்டு, சுவரோரமாகக் கை கட்டி நின்றாள்.

"அம்மா, எஞ்சினியர் பார்த்துட்டார்" என்று தொடங்கினார் நிர்வாகி. "மெஷின்ல பேட்டரிக் கோளாறு. நேரத்தைத் தப்பா எழுதியிருக்கு. நம்ம பணிப்பெண் மேல தப்பு எதுவும் இல்லன்னு ஆயிடுச்சு."

மகள் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தப்பான நேரம்னா, எவ்வளவு தப்பு?"

"அது… கோளாறு வந்த மெஷின். அதை எப்படிச் சொல்றது?"

"அப்ப நாப்பத்தேழு நிமிஷம் இல்லாம இருக்கலாம்."

"ஆமாம்மா. அதான் சொல்றேன்."

"ஒன்றரை மணி நேரமாக்கூட இருக்கலாம்." குரல் உயரவில்லை. அதுதான் கேட்கச் சங்கடமாக இருந்தது. "கெட்டுப்போன கடிகாரத்தைக் காட்டி என்னைச் சமாதானம் பண்றீங்க. இதுவரைக்கும் எங்கம்மா எவ்வளவு நேரம் கூப்பிட்டாங்கன்னாவது தெரிஞ்சுது. இப்ப அதுவும் தெரியாமப் போச்சு. சாகற வரைக்கும் இனிமே நான் கணக்குப் போட்டுக்கிட்டே இருக்கணும். அவ்வளவுதானே?"

அக்காவின் தலை இன்னும் கீழே போயிற்று.

பெட்டிக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. பேட்டரி என்று சொன்னால் அக்காவை வேலையில் வைத்துக்கொள்வார்கள். ஆனால் பெட்டியை நம்ப முடியாது என்றால் அக்காவையும் முழுதாக நம்ப முடியாது. அந்தச் சந்தேகம் இந்த மகளோடும் அக்காவோடும் கடைசி வரைக்கும் கூடவே வரும். அந்த நாற்பத்தேழை உறுதியாகச் சொல்லக்கூடியவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் தன் தவறைச் சொன்னால்தான் அந்த எண்ணுக்கு உயிர் வரும்.

கண்ணை மூடித் திறந்தார். எழுந்து மகளுக்கு எதிரில் போய் நின்றார்.

"பேட்டரி நல்லாத்தாம்மா இருக்கு. தப்பு என்னோடது."

நிர்வாகி அவருடைய முழங்கையைத் தொட்டார். பெட்டிக்காரர் நிறுத்தவில்லை. நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினார். "இது மூணு வாரத்துக்கு முன்னாடி நான் எழுதினது. பெட்டி நாப்பத்தேழு நிமிஷம் பின்னால ஓடிக்கிட்டிருந்தது. நான் திருத்தினேன். ஆனா அரைகுறையாத் திருத்தினேன். கரண்ட் போனாலும் நிக்கிற மாதிரி உள்ள எழுதணும், அதை எழுத மறந்துட்டேன். உங்கம்மா போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி இங்க கரண்டை நிறுத்தினாங்க. பெட்டி பழையபடி நாப்பத்தேழு நிமிஷம் பின்னால போயிடுச்சு. இப்பவும் அங்கதான் நிக்குது. நான் சரி பண்ணல. நீங்க பார்க்கணும்னு அப்படியே வெச்சிருக்கேன்."

அவள் எழுந்தாள். லேப்டாப்பின் திரையைக் குனிந்து பார்த்தாள். பத்து இருபத்தைந்து என்றது. தன் மணிக்கட்டைப் பார்த்தாள். பதினொன்று பன்னிரண்டு. மறுபடியும் திரை. விரல்களை மடக்கி மெதுவாக எண்ணினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தரம் எண்ணினாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"மூணு பன்னண்டோட நாப்பத்தேழு…" என்றாள்.

"மூணு அம்பத்தொம்பது" என்றார் பெட்டிக்காரர். "அக்கா உள்ள வந்ததும் மூணு அம்பத்தொம்பது. உங்கம்மா அழுத்தின நிமிஷமும் அக்கா வந்த நிமிஷமும் ஒரே நிமிஷம்மா. நடுவுல எதுவும் இல்ல."

மகள் பெஞ்சில் உட்கார்ந்தாள். நிம்மதி வரும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அவள் முகத்தில் வந்தது வேறு. பத்து நாளாக இறுகப் பிடித்துக்கொண்டிருந்த ஒன்றைக் கையிலிருந்து பிடுங்கிவிட்டதைப் போல வெறிச்சென்று இருந்தது. கடைசி மாதத்தில் அவள் அம்மாவைப் பார்க்க வரவில்லை என்று நிர்வாகி பிறகு சொன்னார். வீட்டில் ஏதோ நோய், ஏதோ வேலை. குற்றம் சொல்ல வெளியே ஒரு ஆள் இருந்தவரை அவளால் நிற்க முடிந்தது. இப்போது அந்த ஆளும் இல்லை.

பெட்டிக்காரருக்கு அந்த வெறுமை தெரியும். மனைவி போன புதிதில் அவரும் டாக்டரை, மருந்தை, மழையைக்கூடக் குற்றம் சொல்லிப் பார்த்தவர். அவருக்கு ஒரு பேறு கிடைத்திருந்தது. கடைசி மூச்சின்போது அவள் கை அவருடைய கைக்குள் இருந்தது. அது கிடைக்காதவர்களிடம் எப்போதும் கொஞ்சம் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்.

"திட்டணும்னு தோணினா என்னைத் திட்டுங்கம்மா" என்றார். "பத்து நாள் உங்களையும் தூங்க விடாம, அக்காவையும் துணிக்குள்ள உக்கார வெச்சது நான்தான். ரிப்போர்ட்லயும் அப்படித்தான் எழுதப்போறேன்."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். திட்டவில்லை. "எப்படி மறந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"இங்க ஒரு பெரியவர் தூங்கிட்டிருந்தார். படிக்கிற காகிதத்தை வாய்விட்டுப் படிக்காம விட்டுட்டேன். எனக்கு வாய்விட்டுப் படிச்சாத்தான் மனசுல நிக்கும்."

நிர்வாகி தொண்டையைச் செருமினார். அவருக்கும் ஏதாவது நல்லது செய்ய வேண்டும்போல இருந்திருக்க வேண்டும். அக்காவின் பக்கம் திரும்பி, "அக்கா, நீங்க வார்டுக்குப் போங்க" என்றார். "மேலிடத்துக்கு நான் சொல்லிக்கறேன்."

அக்கா நகரவில்லை. பெட்டிக்காரரைப் பார்த்து, "இதைச் சரி பண்றப்ப அழைப்பு வேலை செய்யாதுல்ல?" என்றாள்.

"கால் மணி நேரம் செய்யாது."

"அப்ப நான் ஒவ்வொரு அறையா ஒரு சுத்து போயிட்டு வரேன். அஞ்சாம் அறைத் தாத்தா அழைப்பு கேக்கலைன்னா இல்லத்தையே விலைக்கு வாங்கிடுவார்." அவள் கிளம்பிப் போனாள். முதல் அறையிலேயே ஒரு கிழட்டுக் குரல், "அக்கா, எங்க போய்த் தொலைஞ்ச எட்டு நாளா?" என்று சண்டை பிடித்தது. "துணி மடிக்கப் போனேன் தாத்தா. உங்க வேட்டியே பாதி நாளைச் சாப்பிட்டுடுச்சு" என்ற பதிலும் கேட்டது.

பெட்டிக்காரர் வேலையைத் தொடங்கினார். ஒன்பது வரிக் காகிதத்தைப் பெஞ்சில் விரித்து வைத்தார். அதற்குள் ஒரு கை நீண்டு அதை எடுத்துக்கொண்டது. மகள்.

"நான் படிக்கறேன்" என்றாள். "நீங்க செய்யுங்க."

அவள் படித்தாள். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்த குரல்போல, நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு எழுத்தையும் தெளிவாக. அவர் ஒவ்வொன்றையும் செய்துவிட்டு 'ஆச்சு' என்றார். ஏழாவது வரி வந்ததும் அதை இரண்டு தரம் படித்தாள். திருத்திய நேரத்தைச் சிப்பில் எழுதவும். அவர் எழுதினார். சிப்பை மறுபடி கேட்டுப் பார்த்தார். சரியான நேரத்தைச் சொன்னது. "ஆச்சும்மா" என்றார். எட்டாவது வரிக்கு மின்சாரத்தை நிறுத்தி, மூன்று நிமிடம் காத்திருந்து, மறுபடி கொடுத்தார். பெட்டி நீளமாகக் கூவியது. கைபேசியில் பதினொன்று முப்பத்தொன்று; பெட்டியிலும் பதினொன்று முப்பத்தொன்று. ஒன்பதாவது வரி, மூடியைப் பொருத்திக் கையெழுத்திடவும். கையெழுத்துக்கு மேலே இருந்த 'கோளாறுக்குக் காரணம்' என்ற கட்டத்தில், 'முந்தைய வருகையின்போது ஏழாம், எட்டாம் வரிகளைச் செய்யாமல் விட்டது நான்' என்று எழுதி, முழுப் பெயரையும் எழுதினார். நாளைக்கு என்ன ஆகும் என்பது கடவுளுக்கு வெளிச்சம்.

அக்கா சுற்று முடித்து வந்தாள். மகள் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். அக்கா தயங்கினாள்.

"உக்காருங்க" என்றாள் மகள். "உங்களைப் பத்தி நான் நிறையப் பேசிட்டேன். எல்லார்கிட்டயும்."

"அம்மாவைப் பறிகொடுத்தவங்க பேசினது. அதை யார் எடுத்து வெச்சுக்கப் போறா? விடுங்கம்மா."

"எதுக்குக் கூப்பிட்டாங்க? ரொம்ப வலியா?"

இந்தக் கேள்வியை யாருமே அதுவரை அக்காவிடம் கேட்டிருக்கவில்லை. எப்போது போனாய், ஏன் தாமதம் என்றுதான் எட்டு நாளும் கேட்டார்கள்.

"வலி இல்லம்மா. தலையணை சூடாயிடுச்சாம். திருப்பிப் போடச் சொன்னாங்க. தலையைத் தூக்கிப் பிடிச்சுத் திருப்பிப் போட்டேன். 'இந்தப் பக்கம் ஜில்லுனு இருக்குடி' அப்படின்னாங்க. என்னை டி போட்டுத்தான் கூப்பிடுவாங்க, இந்த வார்டுலயே அவங்க ஒருத்தர்தான் என்னை அக்கான்னு சொல்ல மாட்டாங்க." அக்கா கொஞ்சம் சிரித்தாள். "அப்புறம் கையை விடல. சரி, தூங்கட்டும்னு பக்கத்துலயே உக்காந்துட்டேன். மூச்சு மாறினப்ப நர்ஸைக் கூப்பிட்டேன். அவங்க ஓடி வர்றதுக்குள்ள போயிட்டாங்க. கை அப்பவும் என் கையிலதான் இருந்தது."

"என்னைக் கேட்டாங்களா?"

அக்கா தன் உள்ளங்கையைப் பார்த்தாள். இல்லாததை இருக்கிறது என்று சொல்ல அவளுக்கு வராது என்பது பெட்டிக்காரருக்குத் தெரிந்தது. இதைக் கேட்பது தனக்குரியது இல்லை என்று பையை எடுத்துக்கொண்டு நகரப் பார்த்தார். ஆனால் பெஞ்சில் இருந்த இருவரில் யாரோ ஒருவர், யார் என்று அவர் கவனிக்கவில்லை, கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"அன்னிக்குக் கேக்கலம்மா" என்றாள் அக்கா. "மத்த நாள்ல கேப்பாங்க. கேக்கறதுன்னா, வந்தாளான்னு கேக்க மாட்டாங்க. சாப்பிட்டிருப்பாளான்னு கேப்பாங்க. சாப்பிட்டிருப்பாங்கன்னு சொல்வேன். அப்புறம்தான் அவங்க சாப்பிடுவாங்க."

மகள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அழவும் செய்தாள், ஆனால் பதிவைப் பார்த்ததிலிருந்து அழுதுவந்த அழுகை இல்லை அது. பெட்டிக்காரர் கைபேசியை எடுத்து, அடுத்த இடத்துக்கு வரத் தாமதமாகும் என்று ஆபீசுக்குச் சொன்னார். எவ்வளவு தாமதம் என்று கேட்டார்கள். தெரியாது என்றார். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார்.